மறுபடியும் காலை

1

போன செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டின்போது, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த என் மகன் அருள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அத்தை விழுந்து ஒரு வருஷம் ஆச்சுல்ல?" என்றான்.

எனக்கு நினைவிருந்தது. அவனுக்கும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைவிட, அதை அவன் தமிழில் கேட்டான். ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். பதினாறு வயதுப் பையன், ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் பிர்மாசென்ஸ் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன். சில வருஷங்களாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நானும் என் மனைவி ஷீலாவும் தமிழில் கேட்போம். அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். அதுவும் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்ற மனம் வந்தால்.

பிர்மாசென்ஸ் மேடும் பள்ளமுமான ஊர். ஒரு காலத்தில் இங்கே வீட்டுக்கு ஒருவர் காலணித் தொழிற்சாலைக்குப் போனாராம். இன்று அவற்றில் சிலதான் மிச்சம். அப்படியொன்றில் புது மாடல்களுக்கு அச்சு வரைந்து வெட்டும் வேலை எனக்கு. நான் பிறந்தது ஆம்பூரில். "கடல தாண்டிப் போயும் ஒனக்கு அதே தோல் வாடதானாடா?" என்று என் அக்கா விக்டோரியா கேலி செய்வாள். அவளும் அந்த வாடையை விட்டவள் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் லைனுக்கு சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாளெல்லாம் மிஷின்களுக்கு நடுவே நடந்தபடியே இருப்பாள். அவளுடைய லைனில் தைக்கும் பெண்கள், அவள் முதுகுக்குப் பின்னால் அவளை மகாராணி என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பிடிக்கவும் செய்யும்.

சென்ற ஆண்டு இதே வாரத்தில், அந்த லைனுக்கு நடுவில் அவள் விழுந்தாள்.

2

போன் செய்தது ஷமீம். அக்காவின் லைனிலேயே தைக்கும் பெண், பக்கத்து வீடு. "அண்ணா, பயப்படாதீங்க. அக்காவ வேலூர் ஆஸ்பத்திரில சேத்துட்டோம். மூளைல ரத்தம் அடச்சிக்கிச்சாம். எடது கையி, காலு வரல. பேச்சு இருக்குது. இப்போகூட என்னத் திட்டிக்கினுதான் இருக்காங்க."

திட்டுகிறாள் என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் என் குடியிருப்பு அட்டை புதுப்பிப்பதற்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. பழையது காலாவதியாகிவிட்டது, புதியது வரவில்லை. இந்த நிலையில் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி நுழைவது சிக்கலாகலாம் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவிடம், பதற்றத்தில் என் ஜெர்மன் எல்லாம் நொறுங்கிப்போக, "என் சகோதரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "நல்ல வேலை. இங்கேயும் அவர்களுக்குத் தட்டுப்பாடுதான்" என்றார்.

ஜெர்மன் மொழியில் உடன்பிறந்தவளுக்கும் நர்ஸுக்கும் ஒரே சொல். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்தச் சொல்லில் நான் ஒருநாளும் தடுக்கியதில்லை. அன்றைக்குத் தடுக்கினேன். விஷயத்தை விளக்கியபோது அவர் உண்மையிலேயே வருந்தினார். வருத்தப்பட்டபடியே, பயணம் போய்வர ஒரு தற்காலிகத் தாள் தரலாம், அதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்.

மூன்று வாரத்தில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். "இப்போ வந்து இன்னா பண்ணப் போற? நான் கட்டில்ல கெடக்கறத பாக்கவா? புள்ளைக்கு லீவ் வர்றப்போ கூட்டினு வா" என்று போனிலேயே தடுத்துவிட்டாள்.

3

அவள் நடக்க மறுத்தாள் என்பதுதான் அடுத்து வந்த செய்தி.

முடியாமல் இல்லை. பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைக்க முடிந்தது. ஆனால் இடது கால் தரையை இழுத்துக்கொண்டு வந்தது. அதை யாரும் பார்க்கக்கூடாது என்று வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். வேலூரிலிருந்து பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த தெரபிஸ்ட் பெண் என்னிடம் போனில் தெளிவாகச் சொன்னாள்: "சார், இந்தச் சில மாசம் ரொம்ப முக்கியம். இப்போ நடக்கலன்னா கால் விறைச்சிடும். அப்புறம் நடக்க வைக்கிறது கஷ்டம்."

தாளத்துக்கு ஏற்றபடி நடக்கவைப்பது தெரபிஸ்டுகள் கையாளும் ஒரு வழி. அந்தப் பெண் போனில் டக் டக் என்று ஒரே சீராக ஒலிக்கும் ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அக்கா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "ஊசி ஒடஞ்ச மிஷினு மாதிரி கீது, நிறுத்தும்மா" என்று சொல்லிவிட்டாள்.

அப்படியென்றால் பிடித்த பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் தெரபிஸ்ட். சினிமாப் பாட்டு போட்டார்கள். அக்கா சொற்களில் சிக்கிக்கொண்டாள். சோகப் பாட்டு என்றால் பாதியில் நின்று அழுதாள். குஷிப் பாட்டு என்றால் கூடவே பாடினாள், கால் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் ஷமீம்தான் யோசனை சொன்னாராம், உங்கள் சர்ச் பாட்டைப் போடலாமே என்று. அக்கா அவரை முறைத்திருக்கிறாள். "சாமி பாட்டுக்கு எழுந்து நிக்கணும் ஷமீம். வாக்கிங் போவாங்களா?"

ஷமீம் இதை எனக்குச் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணா, ராத்திரி சோறு வேணாம்னு சொல்றாங்க. கம்மியாதான் பேசுறாங்க. அது எனக்குப் பேஜாரா இருக்குது."

4

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அருளைக் கால்பந்துப் பயிற்சியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தேன். கார் ஸ்பீக்கர் தானாகவே அவனுடைய போனோடு சேர்ந்துகொண்டு, அவன் கேட்டுக்கொண்டிருந்ததை ஒலிக்கத் தொடங்கியது. வழக்கமாக அவன் சட்டென்று நிறுத்திவிடுவான். அன்று களைப்பில் விட்டுவிட்டான்.

முதலில் ஒரு சின்ன ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அதன்மேல் இன்னொன்று. பிறகு எங்கோ தள்ளி மூன்றாவது. யாரும் பாடவில்லை. அவ்வளவும் மின்கருவிகள். ஆனால் ஏதோ நெருங்கி வருவதுபோல் இருந்தது. என் விரல் ஸ்டியரிங்கைத் தட்ட ஆரம்பித்ததை அருள் பார்த்துவிட்டான்.

"பொறு" என்றான் ஜெர்மனில். "இன்னும் வரவில்லை... இன்னும் இல்லை... இப்போது!"

தாளம் வந்து இறங்கியது. எனக்குக் காரணமே இல்லாமல் கண் கலங்கியது. வளைவில் வண்டியைக் கவனமாகத் திருப்பினேன்.

"யாருடா இவங்க?"

அவன் சொன்ன பெயர் இன்னும் என் வாயில் சரியாக நுழையவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தொடங்கிய குழுவாம். மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்த மற்ற இருவரும், இப்போது அறுபது வயதைத் தாண்டியபின், இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். "பழையதெல்லாம் இருட்டாக இருக்கும்" என்றான். "இதுதான் அவர்கள் சந்தோஷமாகச் செய்தது." என் மகன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நண்பர் இறந்த பிறகா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். "எனக்கும் அதுதான் புரியவில்லை."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா சத்தம் அது?"

"இரு அக்கா, நிறுத்துறேன்."

"நிறுத்தாத. கேக்குறேன் இரு."

நாங்கள் மூன்று பேரும் பேசாமல் கேட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "பாடுறவன் எப்போ வருவான்?" என்றாள்.

"பாடுறவன் வர மாட்டான் அத்தை" என்றான் அருள். தமிழில். அவளுக்கு வேறு மொழியில் சொல்ல முடியாதல்லவா.

"வரவே மாட்டானா? நல்லதாப் போச்சு" என்றாள் அவள். போன் ஆடியது. ஷமீம் கத்தும் குரல் கேட்டது: "அக்கா, கட்டில புடிங்க, கட்டில புடிங்க!" படத்தில் கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

5

சொற்கள் இல்லாததால் சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். தெரபிஸ்டிடம் கேட்டதற்கு, "மூளையில நடக்கிற வழி ஒண்ணு அடைபட்டிருக்கு சார். தாளம் இன்னொரு வழியா காலுக்குச் சேதி சொல்லுதுன்னு வெச்சுக்கங்க. எல்லாருக்கும் இப்படி வராது" என்றாள். ஆனால் ஆல்பத்தின் வேகம் அக்காவுக்கு அதிகம். தாளம் அவள் நடையைவிடக் கொஞ்சம்தான் வேகமாக இருக்க வேண்டும், அவ்வளவு வேகமாகப் போனால் விழுந்துவிடுவாள் என்று எச்சரித்தாள்.

"நான் மெதுவாக்கித் தருகிறேன்" என்றான் அருள்.

கணினியில் உட்கார்ந்து, சுருதி கெடாமல் வேகத்தை மட்டும் குறைத்து அனுப்பினான். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா நடப்பதை ஷமீம் படமெடுத்து அனுப்புவார். அருள் அதைப் பார்த்து, கால் விழும் நேரத்தைக் கவனித்து, அடுத்த வாரத்துக்கு ஒரு பொட்டு வேகம் கூட்டுவான். பள்ளிக்கூடப் பாடத்தில்கூட அவனை அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

அந்த ஆல்பத்தின் பெயர் என்ன என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அருள் மனத்துக்குள் மொழிபெயர்த்து, பெருமையாகச் சொன்னான்: "மறுபடியும் காலை."

"மறுபடியும் காலை... இன்னா பண்ணணும்? தூக்கணுமா?"

நான் சிரித்த சிரிப்பில் ஷீலா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அருளுக்குப் புரியவில்லை. விடியற்காலையும், நடக்கும் காலையும் தமிழில் ஒரே எழுத்தில் வரும் என்று விளக்கினேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அன்று முழுவதும் வீட்டுக்குள் "மறுபடியும் காலை" என்று சொல்லிக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி நடந்தான்.

பாட்டுகளின் ஜெர்மன் பெயர்கள் அக்காவுக்கு வேண்டியதில்லை. அவளே பெயர் வைத்துக்கொண்டாள். முதல் பாட்டு 'லைன் ஸ்டார்ட்.' காலையில் ஒரு பெண் மிஷினை மிதிப்பாள், பக்கத்தில் இன்னொருத்தி, அப்புறம் ஹாலே பிடித்துக்கொள்ளும், அப்படி இருக்கிறதாம். நாலாவது பாட்டு அவளுக்கு மிகவும் பிடித்தது. அதற்கு 'டிபன் பெல்' என்று பெயர்.

"பெல் அடிச்சா பொண்ணுங்கல்லாம் ஓடுவாங்க பாரு, அப்போ ஒரு சிரிப்பு வரும். நான் அதட்டுவேன். ஆனா எனக்குப் புடிக்கும்டா அது" என்றாள் அருளிடம். அதுவரை என்னிடம் சொல்லாதது அது.

6

ஏப்ரலில் அந்தக் குழு மான்ஹைமில் வாசிக்கிறது என்று தெரிந்தது. ரயிலில் போனோம். ஒரு பழைய கிடங்கு. அதைத்தான் அரங்காக மாற்றியிருந்தார்கள். என்னைவிட மூத்தவர்களும் அருள் வயதுப் பிள்ளைகளும் சம அளவில் இருந்தார்கள். மேடையில் நரைத்த கிராப்புடன் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்ட ஒரு மனிதர், இருவருக்கும் நடுவில் ஆளில்லாத ஒரு மேசை. ஒன்றும் பேசவில்லை. வாசித்தார்கள். நாலாவது பாட்டு வந்தபோது கூட்டமே குதித்தது. நானும் குதித்தேன். மகன் என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

முடிந்ததும் அந்தப் பெண்மணி வாசலருகே ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். எங்கள் முறை வந்தது. அருள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தியாவில் தன் அத்தை இந்த ஆல்பத்தைக் கேட்டுத்தான் மறுபடி நடக்கக் கற்கிறார் என்று சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்தப் பாட்டு?"

"நாலாவது."

"அதைத் தூக்கிப்போட இருந்தோம்" என்றார். "எங்கள் நண்பர் இல்லாமல் இவ்வளவு சிரிப்பாக ஒன்றைச் செய்வது சரியா என்று எனக்கே பயமாக இருந்தது. ஆனால் அது அவர் கடைசியாக ஆரம்பித்து வைத்த மெட்டு."

காரில் கேட்ட கேள்விக்கு இப்படிப் பதில் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அருள் என்னைப் பார்த்தான். பிறகு, சொல்லவேண்டாம் என்று வழியெல்லாம் தீர்மானித்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டான். "மன்னிக்கணும். அத்தைக்காக உங்கள் பாட்டை மெதுவாக்கிவிட்டேன்."

"எவ்வளவு மெதுவாக? போனில் இருக்கிறதா?"

அவன் ஹெட்போனைக் கொடுத்தான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். யாரும் முணுமுணுக்கவில்லை. கழற்றியபின், "இந்த வேகத்தில் அடியில் இருக்கிற ஒரு மணியோசை தெளிவாகக் கேட்கிறது. அதை அவர் வைத்தார். நானே மறந்துவிட்டேன்" என்றார். "உன் அத்தை இதை என்னவென்று கூப்பிடுகிறார்?"

அருள் சொன்னான். பெல் என்றால் என்ன என்பது அவருக்குப் புரிந்தது. டிபனை விளக்குவதற்குத்தான் இரண்டு பேரும் திணறினோம்.

திரும்பும் ரயிலில், அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அருள் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிப் பார்த்தான். 'மெட்டு' என்ற சொல்லை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

7

புது அட்டை வந்தது. ஜூலை விடுமுறையில் ஆம்பூர் போனோம்.

அக்கா கதவைத் திறந்து நின்றாள். இடது கை மடங்கியே இருந்தது, இளைத்திருந்தாள். நாலு கால் ஊன்றுகோல் சுவரோரம் இருந்தது. ஹாலுக்குள் சுவரிலிருந்து சுவருக்கு எங்களுக்கு நடந்து காட்டினாள். பாட்டு, ஆல்பத்தில் இருக்கும் அதே வேகத்தில் ஓடியது. அருள் அதில் கைவைத்திருக்கவில்லை. ஆனால் வாசல்படிக்கு வெளியே அவள் ஒருமுறைகூடப் போனதில்லை என்று ஷமீம் சமையலறையில் மெதுவாகச் சொன்னார். "தெருவுல நம்ம லைன் பொண்ணுங்க வருவாங்க போவாங்க, பாத்துடுவாங்கன்னு. நானும் சொல்லிப் பாத்துட்டேன் அண்ணா."

நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒன் வேலையப் பாரு" என்றாள்.

நாலைந்து நாள் போனது. ஒரு முற்பகலில் அருள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்: "அத்தை, அந்த டிபன் பெல் நிஜமா எப்படி இருக்கும்? எனக்குக் கேக்கணும்."

"கம்பெனி கேட்டாண்ட போனா கேக்கும்."

"நான் தனியா போனா உள்ள விடுவாங்களா?"

"ஒன்ன யாருன்னு தெரியும் அவனுங்களுக்கு? வாட்ச்மேன் தொரத்துவான்."

"அப்போ நீங்க வாங்க."

அவனுக்கு இதில் எந்தத் திட்டமும் இல்லை. நான் பிறகு கேட்டேன். நிஜமாகவே மணி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டானாம். அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். நானும் ஷமீமும் மாற்றி மாற்றிக் கேட்டதெல்லாம் அவளுக்காக என்று அவளுக்குத் தெரியும். இவன் தனக்காகக் கேட்டான்.

"ஆட்டோவக் கூப்புடு" என்றாள் என்னிடம். "அந்த நீலப் பொடவய எடு."

கம்பெனி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, வலது கையில் ஊன்றுகோலும் இடது பக்கம் அருளுமாக நடந்தாள். போனை எடுக்கவா என்று அவன் கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள். வாட்ச்மேன் எழுந்து நின்றார். ஒன்றும் கேட்காமல் சின்னக் கதவைத் திறந்துவிட்டார்.

மணி அடித்தது. இப்போது அது மணி இல்லையாம். ஏதோ கரகரப்பான பஸ்ஸர். "எப்போடா மாத்துனாங்க இத? கழுத கத்துற மாதிரி கீது" என்று அக்கா முகம் சுளித்தாள். அருளுக்கு அது போதவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அடுத்த நொடி ஹால் கதவுகள் திறந்து பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு. அவன் மூச்சை இழுத்துப் பிடித்ததை நான் பார்த்தேன்.

முன்னால் வந்தவள் அக்காவைப் பார்த்து நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் மோதினார்கள். யாரோ ஒருத்தி, "மகாராணி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஷமீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்; அக்காவின் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள்.

"ஒக்கார வரல" என்றாள் அக்கா. "எல்லாரும் சாப்புடப் போங்க. டைம் கம்மி." அவள் குரல் உடைந்துதான் இருந்தது, ஆனால் அதட்டல் அதட்டலாகவே வந்தது. யாரும் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடியே யார் யாருடைய டப்பாவிலிருந்தோ ஒவ்வொரு வாய் வாங்கிச் சாப்பிட்டாள். அருளின் வாயிலும் திணித்தார்கள். அவன் பெயரையும் படிப்பையும் கேட்டார்கள். அவன் தமிழ் கேட்டுச் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

வெளியே வந்ததும் அக்கா ஆட்டோவைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நீ அத அனுப்பிடு."

"வீடு தூரம்க்கா. வெயில் வேற."

"நடுவுல நின்னு நின்னு வர்றோம். நீ அனுப்பு."

நான் ஆட்டோக்காரரிடம் பேசி அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, அவர்கள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். ஊன்றுகோல், வலது கால், இடது கால். அவள் ஏதோ சொன்னாள். அருள் குனிந்து கேட்டான், பெரிதாகச் சிரித்தான். என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருந்தது. அவர்களைப் பிடிக்க நான் கொஞ்சம் எட்டி நடக்க வேண்டியிருந்தது.